சிலையா நிக்கிறவருக்கு நாற்காலி எதுக்கு?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ஜெயிச்சாலும் தோத்தாலும் கேலரியை விட்டு நகராத நம்ம கிளப் ரசிகர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

நம்ம ஃபுட்பால் கிளப்புக்கு அடுத்த மேனேஜரா, அதாவது அணியை நடத்துற தலைமைக் கோச்சா, வரவேண்டியது நம்ம முன்னாள் நட்சத்திரமா, வெளியிலிருந்து வர்ற தேர்ந்த பயிற்சியாளரா? இதுதான் தலைப்பு. நான் வெளியாளுக்காகப் பேச வந்திருக்கேன். எனக்கு முன்னாடி பேசின எதிரணித் தலைவர், நம்ம பழைய கேப்டன் அடிச்ச கோல்களை ஒண்ணொண்ணா சொன்னாரு. கைதட்டல் பறந்துச்சு. நானும் தட்டினேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனா அவ்வளவு நேரம் பேசினவர் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லாமலே உட்கார்ந்துட்டாரு: அந்த மனுஷன் இதுவரைக்கும் எந்த டீமுக்காவது கோச்சா இருந்திருக்காரா?

"அவர் உடம்புல ஓடுறது நம்ம கிளப்போட ரத்தம்"னு சொன்னாரு. ரத்த தானம் கேட்டா அவரைக் கூப்பிடலாம். இங்கே கேட்கிறது மேனேஜர். அறுபதாவது நிமிஷத்துல ஒரு கோல் பின்னாடி இருக்கோம், யாரை வெளியே எடுத்து யாரை உள்ளே விடணும்? எதிரணி மூணு டிஃபெண்டரோட வந்தா நம்ம பிரெஸ்ஸிங்கை, அதான் பந்தைப் பறிக்க முன்னாடி போய் நெருக்கற முறையை, எப்படி மாத்தணும்? போன சீசன் வரைக்கும் தோள்ல கை போட்டு நடந்த நண்பனை இந்த வாரம் பெஞ்சுல உட்காரச் சொல்ல மனசு வருமா? இதுக்கெல்லாம் ரத்தம் பதில் சொல்லாது, படிச்ச படிப்பும் பட்ட பாடும்தான் பதில் சொல்லும்.

நான் லண்டன் கிளப் செல்சி கதைக்கு வர்றேன். ஃபிராங்க் லாம்பார்ட் அந்த கிளப்புக்காக 211 கோல் அடிச்சவர். கிளப் வரலாற்றுலயே அதிகம். 2019-ல அவரை மேனேஜர் ஆக்கினாங்க. அதுக்கு முன்னாடி அவருக்கு இருந்த அனுபவம், டெர்பி கவுன்டியில ஒரே ஒரு சீசன். முதல் வருஷம் நாலாவது இடம், நல்லாத்தான் போச்சு. 2021 ஜனவரியில அணி ஒன்பதாவது இடத்துக்கு இறங்கினதும் அவரை அனுப்பிட்டு தாமஸ் டூக்கலைக் கொண்டு வந்தாங்க. ஜெர்மன்காரர். செல்சிக்காக ஒரு பந்தைக்கூட உதைச்சதில்லை. நாலே மாசம்! மே 29, போர்ட்டோ மைதானம், மான்செஸ்டர் சிட்டியை 1-0-ன்னு தோற்கடிச்சு, ஐரோப்பாவோட பெரிய கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக் கோப்பை. அதே பிளேயர்கள், அதே டிரெஸ்ஸிங் ரூம், அதே சம்பளம். குரூப் ஸ்டேஜைத் தாண்டிக் கொண்டு வந்தது லாம்பார்ட்தான், அதை நான் மறைக்கல. ஆனா டீமை மாத்தாம ஆளை மட்டும் மாத்திப் பார்த்த இந்த மாதிரி ஒரு பரிசோதனை ஃபுட்பால்ல சுலபமா கிடைக்காது.

கதை அங்கேயும் முடியல. 2023 ஏப்ரல்ல மறுபடியும் "நம்ம ஃபிராங்க்"கைத் தற்காலிகமா கூப்பிட்டாங்க. 11 மேட்ச், 1 வெற்றி, 8 தோல்வி. பாசம் ரெண்டாவது தடவை வாசலுக்கு வந்தப்பவும் கதவைத் திறந்து விட்டாங்க, வேறென்ன சொல்ல!

இத்தாலி கிளப் யுவென்டஸ் இன்னும் ஒரு படி மேலே போச்சு. 2020 ஜூலை கடைசியில தங்களோட முன்னாள் நட்சத்திரம் ஆன்ட்ரியா பிர்லோவை 23 வயசுக்குட்பட்டோர் அணிக்குக் கோச்சா போட்டாங்க. அந்த அணியோட ஒரு மேட்ச் நடக்கறதுக்கு முன்னாடியே, ஆகஸ்ட் 8-ஆம் தேதி, பெரிய அணிக்குத் தூக்கிட்டாங்க. தொடர்ச்சியா ஒன்பது லீக் பட்டம் ஜெயிச்சிருந்த கிளப் அந்த சீசன்ல நாலாவது இடம். இத்தாலியோட நாக்-அவுட் கோப்பை, கோப்பா இத்தாலியா, ஜெயிச்சாரு, சரி. ஆனாலும் ஒரே வருஷத்துல வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. பிர்லோ பாஸ் கொடுக்கிற அழகு உலகத்துக்கே தெரியும். அதை இன்னொருத்தன் காலுக்கு ஏத்திவிடற வித்தை வேற வித்தை, நடுவர் அவர்களே.

எதிரணி இந்த இடத்துல துள்ளும்னு தெரியும். "குவார்டியோலா பார்சிலோனா பையன் இல்லையா? ஜிடான் ரியல் மாட்ரிட் ஹீரோ இல்லையா? ஆர்டெட்டா ஆர்சனல் கேப்டன் இல்லையா?" ஆமாங்க. மூணு பேரும் எனக்குத்தான் சாட்சி சொல்ல வர்றாங்க. குவார்டியோலா 2008-ல முதல் அணிக்கு வர்றதுக்கு முன்னாடி, பார்சிலோனாவோட ரெண்டாம் நிலை அணியான பி அணியை ஸ்பெயினோட நாலாவது டிவிஷன்ல நடத்தி மேலே ஏத்தினவர். ஜிடான் அப்போ ரியல் கோச்சா இருந்த ஆஞ்சலோட்டிக்குப் பக்கத்துல உதவியாளரா உட்கார்ந்து, அப்புறம் ரியலோட ரெண்டாம் நிலை அணியான கஸ்தியாவோட மல்லுக்கட்டி, 2016-லதான் மேலே வந்தாரு. ஆர்டெட்டா மூணு வருஷத்துக்கு மேல சிட்டியில குவார்டியோலாகிட்ட தொழில் கத்துக்கிட்டவர். ஷாபி அலோன்சோவையும் சேர்த்துக்குங்க. ரியல் சோசியடாட் பி அணியில மூணு வருஷம் இருந்துட்டு, 17-வது இடத்துல கிடந்த ஜெர்மன் கிளப் லெவர்குசனுக்கு 2022 அக்டோபர்ல போனாரு. 2023-24-ல ஒரு லீக் மேட்ச்கூட தோற்காம, அந்த கிளப்போட முதல் பூண்டஸ்லீகா, அதாவது ஜெர்மன் லீக், பட்டம். லெவர்குசனுக்கு அவர் யாரு? வெளியாள்!

"பெரிய பிளேயரா இருந்தாத்தான் பிளேயர்கள் மதிப்பாங்க"ன்னும் ஒரு வாதம் வந்துச்சு. அர்ரிகோ சாக்கி தொழில்முறை ஆட்டக்காரரே இல்லை, ஷூ வித்துக்கிட்டிருந்தவர். 1987-ல இத்தாலியோட ஏசி மிலனுக்குக் கோச்சா வந்தப்போ இதே கேள்வியைக் கேட்டாங்க. "குதிரையை ஓட்டணும்னா முதல்ல குதிரையா பிறந்திருக்கணும்னு எனக்குத் தெரியாம போச்சே"ன்னாரு. 1988-ல லீக், 1989-லயும் 1990-லயும் ஐரோப்பிய கோப்பை (இப்போ சாம்பியன்ஸ் லீக்னு சொல்றது). இந்த வாதத்துக்கு இதுக்கு மேல நேரம் செலவழிக்க வேண்டாம்.

"டேவிட் மோயஸ் என்ன ஆனாரு?"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி. 2013-ல ஆறு வருஷ ஒப்பந்தத்தோட மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்த வெளியாள், தோத்துட்டாரு. வெளியாள்னா ஜெயிச்சே தீருவார்னு நான் சொல்லவே இல்லையே. தப்பு நடந்தா அதை எவ்வளவு சீக்கிரம் திருத்த முடியும்னு பாருங்க. மோயஸைப் பத்து மாசத்துல அனுப்பிட்டாங்க. அதே கிளப்புல 1999 சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில கடைசி நொடி கோல் அடிச்ச சோல்ஷார், சொந்த மைதானத்துல லிவர்பூல்கிட்ட 5-0-ன்னு தோத்த பிறகும் கிட்டத்தட்ட நாலு வாரம் பதவியில இருந்தாரு. மொத்தத்துல மூணு வருஷம் ஆகப்போச்சு, ஒரு கோப்பையும் வரல. காரணம் என்ன? நமக்கு அவரைத் திட்ட வாய் வரல! சொந்தக்காரப் பையனுக்கு வேலை போட்டுக் கொடுத்த முதலாளி படற அவஸ்தைதான்.

இதுல இன்னொரு சங்கதி இருக்கு, கொஞ்சம் கசப்பா இருக்கும். நிர்வாகம் ஏன் அடிக்கடி பழைய ஹீரோவைக் கூப்பிடுது? பாசத்துலயா? டீம் சரிஞ்சுக்கிட்டு இருக்கும்போது கேலரியில இருந்து கிளம்பற கோபம் டைரக்டர்கள் பக்கம் திரும்பக் கூடாது. அதுக்கு நாம திட்டத் துணியாத ஒரு முகம் முன்னாடி நிக்கணும். 2009 ஏப்ரல்ல நியூகாசில் மூழ்கிக்கிட்டு இருந்தப்போ அவங்க பழைய ஹீரோ ஆலன் ஷியரரைக் கூப்பிட்டாங்க. 8 மேட்ச் பாக்கி. ஒண்ணுதான் ஜெயிக்க முடிஞ்சது, கிளப் கீழ் டிவிஷனுக்குப் போச்சு. சீசன் முழுக்க நடந்த குளறுபடிக்கு அவரா காரணம்? ஆனா அந்தக் கடைசி நாள் போட்டோவுல அவர் முகம்தான் இருக்கு. நம்ம கேப்டனுக்கு நீங்க கொடுக்க நினைக்கிற பரிசு இதுதானா?

பேர் தெரியாத ஆளா இருந்தாலும் பரவாயில்லை. 1996-ல ஜப்பான்ல நகோயா கிளப்பை விட்டுட்டு ஆர்சனலுக்கு ஒருத்தர் வந்தப்போ, "ஆர்சென், யாரு?"ன்னு லண்டன் பத்திரிகை தலைப்பே போட்டுச்சு. ஆர்சென் வெங்கர் முதல் முழு சீசன்லயே லீக், இங்கிலாந்தோட நாக்-அவுட் கோப்பையான எஃப்.ஏ. கோப்பை ரெண்டையும் எடுத்தாரு. 2003-04-ல 38 லீக் மேட்ச்ல ஒண்ணுகூட தோற்கல. கேலரிக்குத்தான் அவரைத் தெரியாது. ஃபிரான்ஸ்ல மொனாக்கோவுக்கு லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தவர்ங்கறது அவரைத் தேர்ந்தெடுத்தவங்களுக்குத் தெரிஞ்சிருந்தது.

அடுத்து வர்ற எதிரணிப் பேச்சாளர் கென்னி டால்கிளிஷ் பேரைத்தான் எடுப்பாருன்னு எனக்குத் தெரியும். முன்கூட்டியே ஒத்துக்கறேன். எந்தக் கோச்சிங் அனுபவமும் இல்லாம, ஆடிக்கிட்டே மேனேஜர் ஆகி, 1985-86-ல லிவர்பூலுக்கு லீக், எஃப்.ஏ. கோப்பை ரெண்டையும் வாங்கிக் கொடுத்தவர். ஆனா அப்போ அவருக்கு ஆலோசகரா இருந்தது யாரு தெரியுமா? மூணு ஐரோப்பிய கோப்பை ஜெயிச்ச பாப் பெய்ஸ்லி. நம்ம கேப்டனுக்குப் பக்கத்துல உட்கார வைக்க உங்ககிட்ட ஒரு பெய்ஸ்லி இருக்காரா? இருந்தா அவர் பேரைச் சொல்லிட்டு அடுத்தவர் பேச்சை ஆரம்பிக்கட்டும். நன்றி, வணக்கம்.