முகமே மொழியான நடிகை: மில்லிசென்ட் சிம்மண்ட்ஸ்

அவைக்கு வணக்கம். மேடையின் ஓரத்தில் நின்று என் பேச்சைக் கைகளால் சொல்லிக்கொண்டிருக்கும் சைகைமொழி பெயர்ப்பாளருக்கும், அவரைப் பார்த்தபடி முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவ மாணவியருக்கும் தனி வணக்கம்.

மில்லிசென்ட் சிம்மண்ட்ஸ், 2003 ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பவுன்டிஃபுல் என்ற ஊரில் பிறந்தவர். ஒரு வயது நிறைவதற்குள் மருந்தின் அளவு மிஞ்சிப்போனதால் செவித்திறனை இழந்தார். இப்படிப்பட்டவர்களைப் பற்றிப் பேசும்போது "குறையை மீறிச் சாதித்தவர்" என்று ஒரு மாலையைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவது நம் வழக்கம். அந்த மாலையை நான் இவருக்குப் போடப்போவதில்லை. இவர் எதையும் மீறி நடிக்க வரவில்லை. காது கேளாத பெண்ணாக, சைகைமொழியிலேயே வளர்ந்ததால்தான் இவர் இவ்வளவு நல்ல நடிகை என்பது என் கருத்து.

சைகைமொழி என்றால் கையசைவு மட்டும்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். அமெரிக்கச் சைகைமொழியில் இலக்கணத்தின் ஒரு பகுதியே முகத்தில் இருக்கிறது. "வந்தாயா?" என்று ஆம், இல்லை என்ற விடையை எதிர்பார்த்துக் கேட்டால் புருவம் உயர வேண்டும். "யார்?", "ஏன்?" என்று கேட்டால் புருவம் சுருங்கி இறங்க வேண்டும். புருவம் தவறினால் வாக்கியமே தவறிவிடும். இந்த மொழியில் வளரும் குழந்தை தன் முகத்தை எவ்வளவு நுணுக்கமாக ஆளக் கற்றுக்கொள்ளும் என்று எண்ணிப்பாருங்கள்! மற்ற நடிகர்கள் வளர்ந்தபின் பயிற்சிப் பள்ளிக்குப் போய்த் தேடும் ஒன்று, இவருக்கு மழலைப் பருவத்திலேயே வாய்த்துவிட்டது.

வாய்க்கச் செய்தவர் தாய். மகளுக்காகத் தானே சைகைமொழியைக் கற்று, வீட்டிலிருந்த மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுத்தார். வீடு முழுவதும் பேசும் மொழி குழந்தையின் மொழியானது. இது எல்லாக் குழந்தைகளுக்கும் கிடைக்கும் வரம் அல்ல. பெற்றோர் வந்திருக்கிறீர்கள், அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

அவர் படித்தது சால்ட் லேக் சிட்டியில் உள்ள ஜான் மாசியூ காது கேளாதோர் பள்ளி. அந்தப் பெயருக்குரியவர் பாரிஸில் ஆசிரியராக இருந்த, காது கேளாத பிரெஞ்சுக்காரர். அவரிடம் பயின்ற லோரான் கிளேர்க், அவரும் காது கேளாதவர், 1816இல் கப்பலேறி அமெரிக்கா சென்றார். மறு ஆண்டு ஹார்ட்ஃபோர்டு நகரில் அமைந்த காது கேளாதோர் பள்ளியை நிறுவியவர்களில் அவரும் ஒருவர். அமெரிக்கச் சைகைமொழிக்குப் பிரெஞ்சு வேர் உண்டானது அப்படித்தான். இருநூறு ஆண்டு மரபு ஒன்றின் மடியில் வளர்ந்தவர் மில்லிசென்ட். அந்தப் பள்ளியின் நாடகக் குழுவில் ஷேக்ஸ்பியரின் குறும்புக்காரப் பாத்திரமான பக் வேடத்தில் நடித்தார்.

அங்கிருந்து டாட் ஹெய்ன்ஸ் இயக்கிய 'வண்டர்ஸ்ட்ரக்'. படத்தின் ஒரு பாதி 1927இல் நடக்கிறது. ஹோபோகனிலிருந்து தனியாக நியூயார்க் நகரத்துக்கு ஓடிவரும் ரோஸ் என்ற காது கேளாத சிறுமியின் கதை. கறுப்பு வெள்ளையில், வசனம் இன்றி, அந்தக் காலப் பேசாப்படம் போலவே எடுத்திருக்கிறார்கள். 1927 என்ற ஆண்டை யோசித்துத்தான் தேர்ந்திருக்கிறார்கள். பேசும்படம் வந்துகொண்டிருந்த நேரம் அது. உலகமே கொண்டாடிய அந்த மாற்றத்தால் காது கேளாத ரசிகர்கள் இழந்தது எவ்வளவு என்று சினிமா வரலாறு எழுதியவர்கள் அதிகம் கவலைப்பட்டதில்லை. அதுவரை திரையரங்கில் எல்லோரும் சமம். வசனத்தைத் திரையில் காட்டும் எழுத்து அட்டையை எல்லோரும் ஒன்றாகத்தான் படித்தார்கள். சாப்ளினின் நண்பரான காது கேளாத ஓவியர் கிரான்வில் ரெட்மண்ட் அவருடைய படங்களில் நடித்தார்; சாப்ளின் தன் ஸ்டுடியோவிலேயே அவருக்கு ஓவியக்கூடம் அமைத்துக் கொடுத்திருந்தார். ஒலி வந்ததும் அந்தச் சமத்துவம் போயிற்று. அந்த இழப்பை ஒரு சிறுமியின் முகத்தில் எழுதிக்காட்டுகிறது இந்தப் படம்.

அதே படத்தில் முதிய ரோஸாக வருபவர் ஜூலியன் மூர். செவித்திறன் உள்ளவர், மிகச் சிறந்த நடிகை, வேடத்துக்காகச் சைகைமொழி கற்றவர். அவருடைய உழைப்பை நான் மதிக்கிறேன். இருந்தாலும் இருவரையும் ஒரே படத்தில் பார்க்கும்போது, கற்றுக்கொண்ட மொழி எது, பிறந்து வளர்ந்த மொழி எது என்று எனக்குத் தெரிந்துவிடுகிறது. 2017 மே மாதம் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் படம் போட்டிப் பிரிவில் திரையிடப்பட்டபோது மில்லிசென்டுக்கு வயது 13.

அடுத்த ஆண்டே 'எ க்வைட் பிளேஸ்' வந்தது. ஓசை கேட்டால் பாய்ந்து கொல்லும் உயிரினங்கள் உலகை ஆக்கிரமித்துவிட, சைகையால் பேசத் தெரிந்ததால் ஒரு குடும்பம் உயிர் தப்பியிருக்கிறது. மூத்த பிள்ளையான ரீகன் காது கேளாதவள். அந்த வேடத்துக்குக் காது கேளாத நடிகைதான் வேண்டும் என்று இயக்குநர் ஜான் கிரசின்ஸ்கி உறுதியாக நின்றார். உடன் நடித்தவர்களுக்குச் சைகை கற்றுக்கொடுத்தவர்களில் மில்லிசென்டும் ஒருவர். கேமரா ரீகனின் பார்வைக்கு மாறும்போதெல்லாம் ஒலி மாறும். அவள் காதுக்கருவியை அணைத்துவிட்டால் அரங்கில் துளிச் சத்தமும் இருக்காது. அந்தப் படம் ஒலித்தொகுப்புக்காக ஆஸ்கர் பரிந்துரை பெற்றது.

தந்தை மகளைப் பார்த்து "உன்னை நேசிக்கிறேன்" என்று சைகை செய்யும் கட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். "எப்போதும் நேசித்தேன்" என்பதையும் சேர்த்துச் சொல்லலாம் என்று யோசனை கூறியவர் மில்லிசென்ட்தான். தன்னால்தான் தம்பி இறந்தான், அதனால் அப்பாவுக்குத் தன்மேல் வெறுப்பு என்று படம் முழுவதும் மருகும் பெண் அவள். அவளுக்குத் தேவைப்பட்டது அந்த ஒரு சொல். பதினான்கு பதினைந்து வயதில் ஒரு பாத்திரத்தின் புண் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்திருக்கிறார். இரண்டாம் பாகத்தில் கதையே ரீகனின் தோளுக்கு வந்துவிட்டது. கோவிட் காரணமாக அந்தப் படம் ஓராண்டுக்கும் மேல் தள்ளிப்போய் 2021 மே மாதம் வெளியானது. இடைப்பட்ட முகக்கவசக் காலத்தில், பேசுபவரின் வாயும் முகபாவமும் தெரியும்படி கண்ணாடி போன்ற பகுதி கொண்ட கவசம் ஒன்றை வடிவமைப்பதில் பங்கெடுத்தார். 2023இல் 'கிரே ஹவுஸ்' நாடகத்தில் நியூயார்க்கின் புகழ்பெற்ற பிராட்வே நாடக மேடையும் ஏறினார்.

இவருக்கு முன்னே காது கேளாத நடிகை மார்லி மாட்லின் 1987இல், 21 வயதில், சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் வாங்கினார். காது கேளாத இன்னொருவர், ட்ராய் கோட்சர், நடிப்புக்காக ஆஸ்கர் பெற 2022 வரை ஆயிற்று. முப்பத்தைந்து ஆண்டுகள்! இடையில் திறமை இல்லாமல் போயிருக்குமா? அழைப்பு இல்லை, அவ்வளவுதான். காது கேளாத பாத்திரத்தைக் காது கேளாதவருக்குக் கொடுப்பதைக் கருணை என்று சொல்லும் தயாரிப்பாளர்கள், 'எ க்வைட் பிளேஸ்' சுமார் 34 கோடி டாலர் வசூலித்ததையாவது பார்க்கட்டும்.

இப்போது 'வண்டர்ஸ்ட்ரக்' படத்திலிருந்து 1927ஆம் ஆண்டுக் காட்சிகளைத் திரையிடப்போகிறோம். பின்னணி இசை வரும். முதல் சில நிமிடங்களுக்கு அதன் ஒலியை நிறுத்திவைக்கச் சொல்லியிருக்கிறேன். மில்லிசென்டின் புருவங்களைக் கவனியுங்கள். முடிந்தபின் முன்வரிசை மாணவர்கள் முதலில் பேசுவார்கள், நாம் பிறகு பேசலாம். நன்றி, வணக்கம்.