நீதிபதிக்கு 16 விதி, மீறினா என்ன?

[திரையில்: 196 - 0]

1993 மே மாசம். லோக்சபாவுல ஓட்டெடுப்பு. ஒரு நீதிபதியைப் பதவி நீக்கலாமா? நீக்கலாம்னு 196 பேர். வேண்டாம்னு ஒருத்தர்கூட இல்லை. ஆனா தீர்மானம் தோத்துப்போச்சு!

எப்படி? 205 எம்.பி.க்கள் சபையில இருந்துகிட்டே ஓட்டுப் போடலை. மொத்த உறுப்பினர்கள்ல பாதிக்கு மேல ஆதரவு வேணும்னு அரசியல் சட்டம் சொல்லுது. அந்தக் கணக்கு தேறலை. அவர் உச்ச நீதிமன்ற நீதிபதி வி. ராமசாமி, அதுக்கு முன்னாடி சென்னை உயர் நீதிமன்றத்துலயும் இருந்தவர். பஞ்சாப்-ஹரியானா தலைமை நீதிபதியா இருந்தப்ப அரசுப் பணத்தைச் செலவழிச்ச விதம்தான் புகார். பல குற்றச்சாட்டு நிரூபணம் ஆயிருச்சுன்னு விசாரணைக் குழுவே சொல்லியிருந்துச்சு. அடுத்த வருஷம் அவர் வழக்கம்போல ஓய்வு பெற்றார்.

[திரையில்: தாலுகா கோர்ட் வாசல்]

இப்ப ஒரு முன்சீப்பை, அதாவது தாலுகா கோர்ட் நீதிபதியை எடுத்துக்கங்க. அவர் தப்புப் பண்ணினா உயர் நீதிமன்றம் மெமோ கொடுக்கும், சஸ்பெண்ட் பண்ணும், இன்கிரிமென்ட்டை நிறுத்தும். தப்போட அளவுக்குத் தண்டனை. மெமோ கொடுக்கிற அந்த உயர் நீதிமன்ற நீதிபதியே தப்புப் பண்ணினா? பதவி நீக்கம், இல்லைன்னா ஒண்ணுமில்லை. சட்டத்துல நடுப் படியே கிடையாது.

விதி இல்லாம இல்லை. 1997 மே 7 அன்னிக்கு உச்ச நீதிமன்ற நீதிபதிகள் எல்லாரும் கூடி 16 அம்ச நெறிமுறையை ஏத்துக்கிட்டாங்க. உயர் நீதிமன்ற நீதிபதிகளுக்கும் அதுதான். படிச்சுப் பார்த்தா அருமையா இருக்கும். வக்கீல்களோட நெருங்கிப் பழகக் கூடாது. மகனோ மருமகளோ உங்க முன்னால ஆஜராகக் கூடாது. அவங்க வக்கீல் தொழிலுக்கு உங்க வீட்டை ஆபீஸாக்கக் கூடாது. ஷேர்ல சூதாடக் கூடாது. தீர்ப்புதான் பேசணும், நீங்க பேட்டி கொடுக்கக் கூடாது.

மீறினா என்ன தண்டனை? அந்த ஒரு வரி மட்டும் அதுல இல்லை.

1999-ல உள் விசாரணை முறைன்னு ஒண்ணு வந்துச்சு. உயர் நீதிமன்ற நீதிபதி மேல புகார்னா, வேற ஊர் தலைமை நீதிபதிகள் ரெண்டு பேரும் இன்னொரு நீதிபதியும் விசாரிப்பாங்க. ராஜினாமா பண்ணுங்கன்னு சொல்லலாம். மாட்டேன்னா அவருக்கு விசாரிக்க வழக்கு ஒதுக்காம நிறுத்தலாம், ஜனாதிபதிக்கும் பிரதமருக்கும் தகவல் சொல்லலாம். அவ்வளவுதான். அறிக்கையைக் கேட்டு வாங்க மக்களுக்கு உரிமை இல்லைன்னு 2003-ல உச்ச நீதிமன்றமே சொல்லிருச்சு.

நடைமுறையில அடிக்கடி நடக்கிறது இடமாற்றம்தான். எனக்கு இது புரியவே மாட்டேங்குது. ஒரு ஊர் வழக்காடிக்கு ஆகாதவர் இன்னொரு ஊர் வழக்காடிக்கு எப்படி ஆவார்?

[திரையில்: 2011]

கடைசிக் கதவு ராஜினாமா. கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதி சௌமித்ர சென்ங்கிறவரை நீக்க ராஜ்யசபா 2011 ஆகஸ்ட்ல ஓட்டுப் போட்டுச்சு. லோக்சபா எடுக்கறதுக்குள்ள அவர் விலகிட்டார், விவகாரம் முடிஞ்சது. சிக்கிம் தலைமை நீதிபதியா இருந்த பி.டி. தினகரனும் அதே வருஷம் விசாரணை நடக்கும்போதே விலகினார்.

சரி, அரசாங்கம் கையில சாட்டையைக் கொடுத்துரலாமா? கூடவே கூடாது. நெருக்கடி நிலை சமயத்துல, 1976-ல, 16 உயர் நீதிமன்ற நீதிபதிகளை ஊர் ஊரா தூக்கியடிச்சாங்க. மறுபடி அப்படி நடந்துருமோங்கிற பயம் நியாயமான பயம். 2010-ல வந்த நீதித்துறைப் பொறுப்புடைமை மசோதாவுல எச்சரிக்கை மாதிரி சின்ன நடவடிக்கைக்கு இடம் இருந்துச்சு. ஆனா மேற்பார்வைக் குழுவுல அரசோட தலைமை வக்கீலான அட்டர்னி ஜெனரலையும் உக்கார வெச்சாங்க. லோக்சபா 2012-ல நிறைவேத்துச்சு. 2014-ல சபை கலைஞ்சதும் மசோதாவும் செத்துப்போச்சு.

என் கணக்குல, விசாரிக்கிறது நீதிபதிகளாவே இருக்கட்டும். ஆனா அதுக்குச் சட்டத்துல இடம் வேணும், பகிரங்கக் கண்டனம் மாதிரி நடுப் படிகள் வேணும். முடிவு வெளியில வரணும். முக்கியமா, ராஜினாமாக் கடிதம் வந்துச்சுன்னு ஃபைலை மூடக் கூடாது.