வலி போன பிறகு அந்தப் பல்லுக்கு என்ன ஆகிறது?

நேயர்களுக்கு வணக்கம். ரூட் கேனால், அதாவது பல்லின் நரம்பை எடுத்து வேரை அடைக்கும் சிகிச்சை, செய்துகொண்ட கடைவாய்ப்பல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிகிச்சையைப் பற்றி இல்லை. சிகிச்சை முடிந்து, வலி விட்டு, வீட்டுக்குப் போன பிறகு அந்தப் பல்லுக்கு என்ன ஆகிறது என்பதைப் பற்றி.

ராத்திரி தூக்கமில்லாமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர், வேரை அடைத்து முடிக்கும் நாளில் சிரித்த முகமாக இருப்பார். "கேப் போட வேண்டும், பல்லை மேலே மூடும் உறை" என்றால், "வலிதான் இல்லையே டாக்டர், அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்பார். அடுத்த மாசம் ஸ்கூல் ஃபீஸ் வரும். அப்புறம் தீபாவளி வரும்.

ஒரு ஆசிரியையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆறு வயதில் முளைக்குமே, கீழ்த்தாடையின் முதல் பெரிய கடைவாய்ப்பல், அதில் ரூட் கேனால் செய்திருந்தார். மேலே தற்காலிக சிமெண்ட் மட்டும். மகள் கல்யாணம் முடியட்டும் என்று கேப்பைத் தள்ளிப்போட்டார். கல்யாணம் முடிந்தது, பேரனும் பிறந்துவிட்டான். ஒருநாள் தயிர்சாதத்தில் சின்னக் கல் ஒன்று கடிபட்டு, காதுக்குள் 'டக்' என்று கேட்டதாம். பல் வலிக்கவில்லை. நரம்பை எடுத்த பல் எப்படி வலிக்கும்? ஈறு வீங்கிய பிறகுதான் வந்தார். பல்லின் நடுவே முன்னிருந்து பின்வரை மெல்லிய பழுப்புக் கோடு. கருவியின் நுனியை அதில் வைத்து லேசாக நெம்பினேன். கன்னத்துப் பக்கத் துண்டு ஒரு பக்கமும் நாக்குப் பக்கத் துண்டு மறுபக்கமும் அசைந்தன. விரிசல் வேர் வரை இறங்கியிருந்தது. எக்ஸ்ரேயில் பார்த்தால், வேருக்குள் அடைத்தது நுனி வரை அழகாக இருக்கிறது. அவ்வளவு நல்ல வேலை செய்தும், அந்தப் பல்லைப் பிடுங்கத்தான் வேண்டியிருந்தது. எனக்கு இன்றும் ஆறவில்லை.

நரம்பை எடுத்தால் பல் காய்ந்து நொறுங்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். காரணம் அது இல்லை. சொத்தை தின்றது போக, மிச்சம் இருக்கும் பல் குறைவு. 1989இல் வெளிவந்த ஒரு ஆய்வில் இதை அளந்தே பார்த்தார்கள். வேருக்குப் போக நடுவில் துளை மட்டும் போட்டால், பல்லின் விறைப்பு 5 சதவீதம்தான் குறைகிறது. பக்கத்துப் பற்களைத் தொடும் முன் விளிம்பும் பின் விளிம்பும் சேர்ந்து போய்விட்டால் 63 சதவீதம் குறைகிறது. உத்திரத்தை உருவிவிட்ட வீட்டின் இரண்டு சுவர்கள் மாதிரி, பல்லின் கன்னத்துப் பக்கமும் நாக்குப் பக்கமும் ஒவ்வொரு கடிக்கும் வெளிப்பக்கம் விலகப் பார்க்கும். கேப் அந்தச் சுவர்களைத் தலையோடு சேர்த்துச் சுற்றிப் பிடித்துக்கொள்கிறது. திரும்பவும் சொல்கிறேன், கேப் அழகுக்காகப் போடுவது இல்லை. 2002இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வில், கேப் போடாத பற்கள் போட்டவற்றைவிட 6 மடங்கு அதிகமாக இழக்கப்பட்டிருந்தன.

இன்னொன்று, அந்தத் தற்காலிக சிமெண்ட். சில வாரம் தாங்கத்தான் அதைச் செய்கிறார்கள். தேய்ந்து ஓரம் விட்டால் எச்சில் இறங்கும், கூடவே கிருமியும் இறங்கும். ரூட் கேனாலையே மறுபடி செய்ய வேண்டிவரும். வலி இல்லாததால் இது நடப்பதே தெரியாது.

நேரம் முடியப்போகிறது என்று கை காட்டுகிறார்கள், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பல் நிறைய மிச்சமிருந்தால் முழு கேப் தேவைப்படாமலும் போகலாம், டாக்டரிடம் கேளுங்கள். வேருக்குள் வைக்கும் போஸ்ட் என்ற சின்னக் கம்பி, பல்லுக்கு பலம் தராது. மேலே கட்டுவதைப் பிடித்துக்கொள்ள மட்டும்தான் அது. வாயின் பின்பக்கம், வெளியே தெரியாமல் இருக்கும் பல்லுக்கு உலோக கேப்பே போதும், பல்லையும் குறைவாகத்தான் செதுக்க வேண்டியிருக்கும். கேப் போடும்வரை அந்தப் பக்கம் முறுக்கு, எலும்பு கடிக்காதீர்கள். முதல் நாளே கேப்பையும் சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். கட்டுப்படியாகாவிட்டால் பல் மருத்துவக் கல்லூரிகளில் விசாரியுங்கள், வெளியில் ஆவதைவிடக் குறைவாகவே ஆகும். நன்றி, வணக்கம்.