குப்பை வண்டியின் வரவு செலவு

[காட்சி: சான் டியேகோ நகரின் ஒரு குடியிருப்புத் தெரு. விடியற்காலை. வீட்டு வாசல்களில் வரிசையாகக் குப்பைத் தொட்டிகள்.]

அமெரிக்காவின் தென்மேற்கு மூலையில், மெக்சிகோ எல்லையை ஒட்டியிருக்கும் சான் டியேகோ நகரில், தனி வீடுகளில் குடியிருப்போர் 2025-ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரை குப்பை அகற்றுவதற்கென்று தனிக் கட்டணம் செலுத்தவில்லை. 1919-இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய ஓர் ஆணை, வீட்டுக் குப்பையை அள்ளுவது மாநகராட்சியின் பொறுப்பு என்று விதித்தது. 1986-இல் வந்த திருத்தம், அதற்கு அந்த வீடுகளிடம் கட்டணமே வாங்கக் கூடாது என்று தடுத்துவிட்டது. ஆகவே செலவு நகரின் பொது நிதியின் தலையில் விழுந்தது. அதே நகரில் அடுக்குமாடிகளில் வாழ்ந்தவர்களின் குப்பையையோ தனியார் நிறுவனங்கள் காசு வாங்கிக்கொண்டுதான் அள்ளின. தாம் கட்டும் வரியின் வழியாகத் தனி வீட்டுக்காரரின் குப்பைக்கும், வாடகையின் வழியாகத் தம்முடைய குப்பைக்கும் என, அடுக்குமாடிக் குடித்தனக்காரர் இரண்டு இடத்தில் பணம் கொடுத்துவந்தார்.

நகரங்களின் குப்பை ஏற்பாடுகளை ஒப்பிடும் பேச்சு எங்கே தொடங்கினாலும், வேலையை அரசு செய்கிறதா, தனியார் செய்கிறதா என்ற கேள்வியில்தான் போய் நிற்கிறது. அந்தக் கேள்வி தேவையற்றது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதைவிட அதிகமாகத் தெருவின் நிலையைத் தீர்மானிப்பது, பணம் எந்த அலகில் கணக்கிடப்படுகிறது என்பதுதான்: வீட்டுக்கு இவ்வளவா, பைக்கு இவ்வளவா, கிலோவுக்கு இவ்வளவா, டன்னுக்கு இவ்வளவா என்பது.

[காட்சி: நியூயார்க் நகரின் நடைபாதையில் குவிந்திருக்கும் கறுப்புப் பைகள்.]

நியூயார்க்கில் வீட்டுக் குப்பைக்கு எந்த அலகும் இல்லை. மாநகராட்சியின் துப்புரவுத் துறையே தன் சொந்த ஊழியர்களைக் கொண்டு வீடுகளின் குப்பையை அள்ளுகிறது. செலவு பொது வரிப்பணத்தில் அடங்கிவிடுகிறது. கடைகளும் அலுவலகங்களும் மட்டும் தனியார் வண்டிகளை அமர்த்திக்கொள்கின்றன. இம்முறையில் நன்மை இல்லாமலில்லை: கட்டணத்துக்குப் பயந்து இரவோடிரவாகப் பையைக் காலி மனையில் வீசிவிட்டுப் போக வேண்டிய தேவை எந்த வீட்டுக்கும் இல்லை. ஆனால் குப்பைக்கென்று தனி வருமானம் இல்லாத துறை, பள்ளிக்கூடத்தோடும் காவல்துறையோடும் ஒரே கஜானாவின் முன் வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது. நகரின் ஒரு பகுதியான ஸ்டேட்டன் தீவில் 1948 முதல் இயங்கிய ஃபிரெஷ் கில்ஸ் குப்பைக் கிடங்கு 2001-இல் மூடப்பட்டு, குப்பையை வேறு மாநிலங்களுக்கு அனுப்பும் செலவு ஏறியது. மறு ஆண்டே நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி, மேயர் மைக்கேல் புளூம்பெர்க் கண்ணாடியையும் பிளாஸ்டிக்கையும் தனியே சேகரிப்பதை நிறுத்திவைத்தார். பிளாஸ்டிக் சேகரிப்பு 2003-இலும், கண்ணாடி சேகரிப்பு 2004-இலும் திரும்பி வந்தன. ஒரு கையெழுத்தில் நின்றுபோன பழக்கம், இன்னொரு கையெழுத்தில் அப்படியே திரும்பி வந்துவிடுவதில்லை.

[காட்சி: தைபே நகரின் ஒரு சந்து. மஞ்சள் நிறக் குப்பை வண்டி. பின்னணியில் பீத்தோவனின் இசை.]

இப்போது தைபே. தைவானின் தலைநகரான இந்நகரில் 2000-ஆம் ஆண்டுக்கு முன்பு குப்பைக் கட்டணம் தண்ணீர்க் கட்டணத்தோடு சேர்த்து வசூலிக்கப்பட்டது. அதாவது, அதிகத் தண்ணீர் செலவழித்தவர் குப்பைக்கும் அதிகம் கொடுத்தார். இரண்டு வேளை குளிப்பவர் ஏன் கூடுதல் குப்பைக் காசு கட்ட வேண்டும் என்று கேட்டிருந்தால் யாரிடமும் பதில் இருந்திருக்காது. வசூலிக்க எளிதாக இருந்தது என்பதைத் தவிர அந்த ஏற்பாட்டுக்கு வேறு நியாயம் கிடையாது. 2000-ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் நகரம் அதைக் கைவிட்டு, குப்பைப் பையின் மீதே கட்டணத்தை ஏற்றியது. மாநகராட்சியின் முத்திரை பதித்த நீல நிறப் பைகள் கடைகளில் விற்கப்படுகின்றன. பையின் விலைக்குள் குப்பையை அள்ளி அழிக்கும் செலவும் அடங்கியிருக்கிறது. அந்தப் பையில் கட்டிய குப்பையைத்தான் வண்டி வாங்கிக்கொள்ளும். பிரித்துத் தரும் காகிதம், புட்டி, தகரடப்பா, சமையலறைக் கழிவு ஆகியவற்றுக்குக் காசு இல்லை. ஒரு புட்டியைப் பையில் போட்டால் பை சீக்கிரம் நிறையும், தனியே கொடுத்தால் செலவே கிடையாது என்ற கணக்கை எந்த இல்லத்தரசிக்கும் விளம்பரப் பலகை வைத்துச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நகரின் குப்பை கணிசமாகக் குறைந்தது.

இங்கே இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, தைபேயின் வண்டி வீடு தேடி வருவதில்லை. குறித்த நேரத்தில், குறித்த இடத்தில், இசையை ஒலித்துக்கொண்டு வந்து நிற்கிறது. மக்கள் பைகளோடு இறங்கி வந்து தாங்களே வண்டியில் போடுகிறார்கள். புதன், ஞாயிறு கிழமைகளில் வண்டி வராது. குப்பை தரையைத் தொடவே கூடாது என்பது அங்கே கொள்கை. தெரு சுத்தமாக இருக்கிறது, மாநகராட்சிக்கும் செலவு மிச்சம். ஆனால் அந்த மிச்சத்தின் ஒரு பகுதி மக்களின் மாலை நேரத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதை எந்த வரவு செலவுத் திட்டமும் காட்டாது. அலுவலகத்திலிருந்து தாமதமாகத் திரும்பும் ஒருவருக்கு அந்த இசை வேறு விதமாகக் கேட்கும்.

இரண்டாவது, மறுசுழற்சிப் பொருளை இலவசமாக வாங்கிக்கொள்ள முடிவதற்குப் பின்னால் இன்னொரு பணப்பெட்டி இருக்கிறது. பானப் புட்டி, மின்கலம், டயர் போன்றவற்றைத் தயாரிப்போரும் இறக்குமதி செய்வோரும் ஒரு மறுசுழற்சி நிதிக்குக் கட்டணம் செலுத்த வேண்டும் என்று தைவான் அரசு 1990-களின் இறுதியிலேயே ஏற்பாடு செய்துவிட்டது. பொருளைச் சேகரித்துப் பக்குவப்படுத்துவோருக்கு அந்த நிதியிலிருந்து மானியம் போகிறது. சந்தையில் விலை சரிந்தாலும் அவர்களின் கையில் ஏதோ ஒரு தொகை வந்துசேரும்.

[காட்சி: சியோல் அடுக்குமாடி வளாகம். மூடி தானே திறக்கும் உணவுக் கழிவுப் பெட்டி.]

அந்தப் பாதுகாப்பு போதாமற்போனால் என்ன ஆகும் என்பதற்குத் தென்கொரியா சாட்சி. அங்கே 1995-ஆம் ஆண்டு ஜனவரி முதலே நாடு முழுவதும் கட்டணப் பை முறை நடைமுறையில் இருக்கிறது. உணவுக் கழிவை நேரடியாக நிலத்தில் புதைப்பது 2005-இல் தடை செய்யப்பட்டது. 2013 முதல் உணவுக் கழிவுக்கும் அளவுக்கு ஏற்ற கட்டணம் வந்தது. சியோலின் பல அடுக்குமாடிகளில், அட்டையைக் காட்டினால் பெட்டியின் மூடி திறக்கிறது. கொட்டியதை எடைபோட்டு அந்த வீட்டின் கணக்கில் ஏற்றிக்கொள்கிறது. எடைக்குக் காசு என்றதும் மக்கள் கழிவிலிருந்த நீரை வடித்துவிட்டுக் கொட்டத் தொடங்கினார்கள். நீர் வடிந்த கழிவைக் கொண்டுபோவதும் உரமாக்குவதும் எளிது என்பதால், அந்தச் சிறு கஞ்சத்தனம் எல்லோருக்குமே லாபமாயிற்று.

ஆனால் அடுக்குமாடிகளின் பிளாஸ்டிக்கையும் காகிதத்தையும் வாங்கிச் சென்றவை தனியார் நிறுவனங்கள். நம் ஊர்க் காயலான் கடைக்காரரைப் போல, விற்ற விலையில்தான் அவற்றின் பிழைப்பு. வெளிநாட்டுக் கழிவுகளுக்குச் சீனா கதவை மூடி, கழிவுப் பொருளின் விலை விழுந்தபோது, 2018 ஏப்ரலில் சியோலிலும் சுற்றுப்புறத்திலும் பல நிறுவனங்கள் பிளாஸ்டிக்கை எடுக்க மறுத்துவிட்டன. மக்கள் ஒழுங்காகப் பிரித்து வைத்த பிளாஸ்டிக் வளாகங்களிலேயே தேங்கியது. அரசு தலையிட்ட பிறகுதான் சிக்கல் தளர்ந்தது.

[காட்சி: சான் பிரான்சிஸ்கோவின் சரிவான தெருவில் மூன்று நிறத் தொட்டிகள்.]

அளவுக்கு ஏற்ற கட்டணத்துக்கு உள்ளேயே ஒரு முரணும் இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவில் ஒரே தனியார் நிறுவனம்தான் 1932-ஆம் ஆண்டின் ஓர் ஆணையின் பலத்தால் நகரம் முழுவதன் குப்பையையும் அள்ளுகிறது. வீட்டு உரிமையாளர்கள் கட்டணத்தை நேரடியாக அந்நிறுவனத்துக்கே செலுத்துகிறார்கள். எதற்கும் உதவாத குப்பைக்கான கறுப்புத் தொட்டிக்கு மட்டும் காசு, மறுசுழற்சிப் பொருளுக்கான நீலமும் மக்கும் கழிவுக்கான பச்சையும் இலவசம் என்று இருந்தவரை, மக்கள் பிரித்துப் போடப் போடக் கறுப்புத் தொட்டி சிறுத்தது, அதோடு வருமானமும் சிறுத்தது. வண்டி ஓடும் தூரமோ ஆட்களின் சம்பளமோ குறையவில்லை. கடைசியில் 2013-இல் நீலத் தொட்டிக்கும் பச்சைத் தொட்டிக்கும் கட்டணம் விதித்தார்கள். போட்டியே இல்லாத ஏற்பாட்டின் இன்னொரு விளைவு 2021-இல் வெளிவந்தது: வாடிக்கையாளரிடம் கூடுதலாக வாங்கிய 9 கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகையைத் திருப்பித் தர நிறுவனம் ஒப்புக்கொண்டது. கட்டண நிர்ணயத்தைக் கண்காணிக்கும் முறையை மாற்ற வாக்காளர்கள் மறு ஆண்டு ஒப்புதல் அளித்தார்கள்.

ஒப்பந்தக்காரருக்கு எந்த அலகில் பணம் என்பதும் இதே அளவுக்குச் சிந்திக்க வேண்டியது. சென்னையில் 2000-ஆம் ஆண்டு சில மண்டலங்களின் குப்பை அகற்றும் பணி முதன்முதலாகத் தனியாரிடம் போனபோது, அள்ளிய எடைக்குப் பணம் என்பதே கணக்கு. எடைதான் வருமானம் என்றால், மக்கும் குப்பையை வீட்டிலேயே உரமாக்கச் சொல்லவும், கட்டட இடிபாட்டைத் தனியே ஒதுக்கவும் ஒப்பந்தக்காரருக்கு என்ன தூண்டுதல் இருக்கும்? 2020-இல் வந்த ஒப்பந்தம் எடையை விட்டு, வேலை எவ்வளவு நன்றாக நடக்கிறது என்பதை அளக்கும் செயல்பாட்டு அளவுகோல்களுக்கு மாறியது.

புனே வேறொரு வழியில் போயிற்று. அங்கே குப்பை பொறுக்கிப் பிழைத்த பெண்கள் 1993-இல் தொழிற்சங்கமாகத் திரண்டார்கள். அதிலிருந்து பிறந்த 'ஸ்வச்' கூட்டுறவு அமைப்பு 2008-இல் மாநகராட்சியோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. வீடுகள் மாதக் கட்டணத்தை வாசலுக்கு வரும் பணியாளரிடமே கொடுக்கின்றன. விற்கத் தகுந்த பொருள் அவருக்குச் சொந்தம். எஞ்சியதை மாநகராட்சி வண்டி கொண்டுபோகிறது. தரம் பிரித்தால் பிரிப்பவருக்கே காசு என்பதால், அதைக் கண்காணிக்க மேற்பார்வையாளர் தேவையில்லை. ஆயினும் ஒரு வீடு பணம் தர மறுத்தால் நட்டம் மாநகராட்சிக்கு அன்று, அந்தப் பெண்ணுக்கு. தைபேயில் மக்களின் மாலை நேரத்தில் ஒளிந்திருக்கும் செலவு, புனேயில் அவருடைய தோளில் ஒளிந்திருக்கிறது.

[காட்சி: மீண்டும் சான் டியேகோ.]

சான் டியேகோ வாக்காளர்கள் 2022 நவம்பரில், மிகச் சிறிய வித்தியாசத்தில், கட்டணம் வாங்க அனுமதித்தார்கள். 2025 ஜூனில் நகர மன்றம் முழுச் சேவைக்கு மாதம் 43.60 டாலர் என்று நிர்ணயித்தது. அத்தொகை சொத்து வரிச் சீட்டிலேயே வருகிறது. சிறிய தொட்டியைத் தேர்ந்தெடுத்தால் கட்டணம் குறையும். ஆகவே, தங்கள் வீட்டுக்கு எவ்வளவு பெரிய குப்பைத் தொட்டி தேவை என்று அதுவரை கணக்குப் பார்த்திராத குடும்பங்கள் இப்போது அதைப் பார்க்க வேண்டியிருக்கிறது.