கழற்றியதை எடைக்குப் போடாதீர்கள்

எல்லோருக்கும் வணக்கம். வெளியே மரத்தடியில் நிற்கும் கார்களை ஒரு சுற்று பார்த்துவிட்டுத்தான் மேடைக்கு வந்தேன். ஒரு பென்ஸின் கதவைத் திறந்ததும் பழைய தோல் சீட்டின் வாசனை வந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

பழைய சொகுசுக் காரை இந்தக் காலத்துக்கு ஏற்ற மாதிரி மாற்றலாமா, பிறந்தபடியே வைத்திருக்க வேண்டுமா என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். நாற்பது வருடத்துக்கு மேல் கோவையில் பட்டறை நடத்துகிறேன். என் கையாலேயே செய்த ஒரு தவறிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

1983இல் ஒரு மெர்சிடிஸ் பென்ஸ் 220எஸ் எங்கள் பட்டறைக்கு வந்தது. 1950களின் கடைசியில் செய்த வண்டி. மலையில் தோட்டம் வைத்திருந்த ஒரு குடும்பத்தின் கார். ஆறு சிலிண்டர், 2.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டர் இரண்டு, ஸ்டீயரிங் தண்டிலேயே கியர். ஸ்டார்ட் செய்துவிட்டு பானட் மேல் கை வைத்தால்தான் ஓடுவது தெரியும். அப்படி ஒரு அமைதி. ஆனால் பெட்ரோலைக் குடிக்கும். 1973க்குப் பிறகு எண்ணெய் விலை ஏறியதில் பெரிய பெட்ரோல் கார் வைத்திருந்தவர்கள் எல்லோருக்கும் இதே கவலைதான். பம்பாயில், டெல்லியில், நம் ஊரில், எங்கே பார்த்தாலும் பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு டீசலைப் பொருத்திக் கொண்டிருந்தார்கள். அந்தக் குடும்பமும் அதைத்தான் கேட்டது.

செய்தேன். எஞ்சின் உட்காரும் இடத்தில் வெட்டினேன், வெல்டிங் வைத்தேன், எஞ்சினைத் தாங்கப் புது மவுண்ட் அடித்தேன். பெரிய வேலை செய்துவிட்டதாக எல்லோரும் பாராட்டினார்கள். இரண்டே வருடத்தில் டீசலின் அதிர்வில் டேஷ்போர்டு மரம் விரிசல் விட்டது. கதவுக் கண்ணாடிகள் நடுங்க ஆரம்பித்தன. அந்தக் காருக்கென்று இருந்த குணம் ஒன்று கூட மிஞ்சவில்லை. கழற்றிய எஞ்சினை நான்தான் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போட்டேன்.

அந்தக் குடும்பத்தின் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது உங்களை ஒன்று கேட்கிறேன். நம் ஊர்க் கோயில்களில் திருப்பணி என்ற பெயரில் கல் தூண்களின் மீது மணலைப் பீய்ச்சி அடித்துச் சுத்தம் செய்தார்களே, நினைவிருக்கிறதா? தூண் பளபளவென்று ஆனது. சிற்பியின் உளி விழுந்த தடம் போனது. சில இடங்களில் கல்வெட்டு எழுத்தும் மழுங்கியது. அழுக்கு என்று நினைத்து எடுத்ததோடு ஆதாரமும் சேர்ந்து போய்விட்டது. காரிலும் இதேதான் நடக்கிறது. பழைய பெயின்ட்டைச் சுரண்டிவிட்டுப் புது பெயின்ட் அடிக்கும்போது, எந்த நிறம், எத்தனை கோட், எங்கே கையால் தேய்த்தார்கள் என்பதெல்லாம் அந்தச் சுரண்டலோடு குப்பைக்குப் போகிறது. சீட் தோலைக் கிழித்தால் உள்ளே என்ன அடைத்திருந்தார்கள், எப்படித் தைத்தார்கள் என்பதும் போகிறது. புதுத் தோல் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அது நமக்கு எதையும் சொல்லாது.

உலகம் இதைப் புரிந்துகொள்ளவே ரொம்ப காலம் ஆனது. அமெரிக்காவில் பெபிள் பீச் என்ற இடத்தில் நடக்கும் பழைய கார்களின் அழகுப் போட்டிதான் இந்த உலகத்தின் உச்சம். அங்கே பல வருடங்களாக, தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்ததை விடவும் அதிகமாக மெருகேற்றிய கார்களே முதல் பரிசு வாங்கின. 2024இல்தான் முதல் தடவையாக, புதுப்பிக்காமல் பாதுகாத்து வைத்த வண்டிகளின் பிரிவிலிருந்து ஒரு கார் உச்சப் பரிசை வென்றது. 1934இல் செய்த புகாட்டி டைப் 59. கறுப்பு உடம்பு, மஞ்சள் கோடு, தேய்ந்த பெயின்ட். அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் அந்த புகாட்டியின் கதையில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அது பந்தயக் காராகப் பிறந்த வண்டி. பிறகு புகாட்டி தொழிற்சாலையே எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி ஊதிச் சக்தியைக் கூட்டும் அதன் சூப்பர்சார்ஜரைக் கழற்றி, சாலையில் ஓட்டுகிற ஸ்போர்ட்ஸ் காராக மாற்றியது. அப்படி மாற்றியதைத்தான் பெல்ஜியத்தின் அரசர் மூன்றாம் லியோபோல்ட் வாங்கினார். அப்படியானால் எது அசல்? 1934இல் இருந்ததா, அரசரிடம் வந்ததா? அரசரின் காராக இருந்ததும் அந்த வண்டியின் வாழ்க்கைதான் என்று ஏற்றுக்கொண்டு அப்படியே விட்டிருக்கிறார்கள். பந்தயக் காராகத் திருப்பி மாற்றவில்லை. அதுதான் சரி என்று நினைக்கிறேன்.

பழைய ரோல்ஸ் ராய்ஸ் விஷயமும் இப்படித்தான். இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் ரோல்ஸ் ராய்ஸ் முழுக் காரை விற்கவில்லை. சேஸி என்கிற அடிச்சட்டமும் எஞ்சினும்தான் அவர்கள் கொடுப்பது. பாடியை பார்க்கர், ஹூப்பர் போன்ற கோச் பில்டர்களிடம், அதாவது பாடி கட்டும் கம்பெனிகளிடம், கொடுத்துக் கட்டிக்கொள்ள வேண்டும். 1907இல் 14,371 மைல் நிற்காமல் ஓடிப் பெயர் வாங்கிய சில்வர் கோஸ்ட் என்ற ரோல்ஸ் ராய்ஸின் பாடியும் பார்க்கர் கட்டியதுதான். முதலாளிக்குப் பிடிக்கவில்லையென்றால் சில வருடம் கழித்து வேறு பாடி ஏற்றுவார். ஆகவே 'அசல்' என்றால் ஒரே ஒரு தேதியில் உறைந்து நின்றது என்று நான் சொல்ல வரவில்லை. அந்த மாற்றங்கள் அந்தக் காலத்தில், அந்த வண்டியைப் புழங்கியவர்கள் செய்தவை. இன்றைக்கு நாம் டச் ஸ்கிரீனைப் பொருத்த டேஷ்போர்டை அறுப்பது அந்தக் கணக்கில் சேராது.

சரி, மின்சாரத்துக்கு வருகிறேன். இளைஞர்கள் அதிகம் கேட்பது இதைத்தான். 2018இல் இங்கிலாந்தில் இளவரசர் ஹாரியின் திருமணத்தன்று மாலை, புதுமணத் தம்பதி ஒரு பழைய ஜாகுவார் ஈ-டைப்பில் போனார்கள். பார்ப்பதற்கு 1968ஆம் வருடத்துக் கார். உள்ளே இருந்தது மின் மோட்டார். அதே வருடம் ஆஸ்டன் மார்ட்டினும் 1970ஆம் வருடத்து டிபி6 ஒன்றில் பழைய எஞ்சினும் கியர் பாக்ஸும் இருந்த இடத்திலேயே பொருந்துகிற மின் அமைப்பைச் செய்து காட்டியது. இரண்டு நிறுவனங்களும் ஒரே விஷயத்தை அழுத்திச் சொன்னார்கள்: வேண்டுமானால் பழைய எஞ்சினைத் திரும்ப வைத்துக்கொள்ளலாம், உடம்பில் எதையும் வெட்டவில்லை. அந்த அளவில் அவர்களை மதிக்கிறேன். நான் 1983இல் செய்யத் தவறியது அதுதானே.

இருந்தாலும், பழைய வாகனங்களுக்கான உலக அமைப்பான ஃபிவா, அப்படி மின்சாரத்துக்கு மாற்றிய காரை வரலாற்று வாகனமாக ஏற்க முடியாது என்று 2019இல் சொல்லிவிட்டது. மாற்றியே ஆக வேண்டுமென்றால் கழற்றிய பாகங்களுக்கு அடையாளம் போட்டுப் பத்திரமாக வைத்திருங்கள் என்றும் சொன்னது. நான் அவர்கள் பக்கம். ஒரு காரின் எஞ்சினை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அதன் தோற்றம்தான். அந்த ஈ-டைப் போகும்போது அதற்கே உரிய சத்தம் இல்லை. எனக்கு அது வீணை வடிவத்தில் செய்த ஸ்பீக்கர் போலத்தான் தெரிந்தது.

அப்படியென்றால் எதையும் தொடக் கூடாதா? தொடத்தான் வேண்டும். ஓடாமல் நிற்கிற கார் சீக்கிரம் கெட்டுப் போகும். இன்று பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். பழைய ரப்பர் ஹோஸ், பெட்ரோல் பம்ப்புக்குள் இருக்கும் டயஃப்ரம் என்ற சவ்வு, கார்க் பேக்கிங் இவற்றையெல்லாம் எத்தனால் அரித்துவிடும். எத்தனாலைத் தாங்கும் ஹோஸாக உடனே மாற்றுங்கள். ஹோஸ் கசிந்து எஞ்சின் பக்கத்தில் சூடாக இருக்கும் மேனிஃபோல்டு குழாயில் பெட்ரோல் சொட்டினால் உங்கள் அசல் கார் பத்து நிமிடத்தில் சாம்பல். துணி சுற்றிய பழைய ஒயர் உதிர்ந்தால், அதே மாதிரி மேல் உறை போட்ட புது ஒயர் போடுங்கள். டயரை வயது பார்த்து மாற்றுங்கள். டயரின் மேல் இருக்கும் பட்டன் தேயாவிட்டாலும் ரப்பர் காய்ந்து வெடிக்கும்.

பிரேக்கைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்கிறேன். அந்த 220எஸ்ஸில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் நான்குக்கும் சேர்த்து ஒரே ஆயில் லைன்தான். ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கும் போய்விடும். இன்று சேலம் சாலையில் முன்னால் போகும் வண்டி திடீரென்று பிரேக் போடுகிற வேகத்துக்கு அது போதாது. முன் சக்கரங்களுக்குத் தனி, பின் சக்கரங்களுக்குத் தனி என்று பிரிக்கிற மாஸ்டர் சிலிண்டரை, அதாவது பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலை அழுத்தி அனுப்பும் பாகத்தை, பழைய போல்ட் துளைகளிலேயே பொருத்த முடிந்தால், நான் தயங்காமல் பொருத்துவேன். பின் சீட்டில் குழந்தைகள் உட்காருகிறார்கள். பழைய மாஸ்டர் சிலிண்டருக்கு எண்ணெய் தடவி, துணியில் சுற்றி, பெட்டியில் வைத்துவிடுவேன்.

ஒரு வேலையைத் தொடுவதற்கு முன்னால் என் பட்டறைப் பையன்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: நாளை இன்னொருவன் வந்து இதைப் பழையபடி ஆக்க முடியுமா? முடியுமென்றால் ஸ்பானரை எடு. துளை போட வேண்டும், வெட்ட வேண்டும் என்றால் வீட்டுக்குப் போய் ஒரு வாரம் யோசித்துவிட்டு வா.

நம் நாட்டுச் சட்டமும் இந்தப் பக்கம் வந்திருக்கிறது. 2021இல் வந்த விதிப்படி, ஐம்பது வயது தாண்டிய, அசல் வடிவிலேயே பராமரித்த, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வண்டிகளை விண்டேஜ் என்று பதிவு செய்யலாம். 'விஏ' எழுத்தோடு தனி நம்பர் கிடைக்கும். அன்றாடப் பயன்பாட்டுக்கு ஓட்டக் கூடாது, கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கு எடுத்துப் போகலாம். இந்த விதி வந்த பிறகுதான் அந்த 220எஸ் எனக்கு மறுபடியும் கண்ணில் பட்டது.

ஆமாம், அது இன்னும் இருக்கிறது. தாத்தாவின் காரை எழுப்ப வேண்டும் என்று அந்தக் குடும்பத்தின் பேத்தி கொண்டு வந்தார். அந்தக் காருக்குத் தொழிற்சாலை எழுதி வைத்த டேட்டா கார்டின் நகலையும் வரவழைத்திருந்தார். பெயின்ட்டின் நிறம், சீட் துணி, எஞ்சின் எண் எல்லாம் அதில் இருக்கின்றன. "எஞ்சின் எங்கே சார்?" என்று கேட்டார். நான் செய்ததைச் சொன்னேன். கோபப்படவில்லை. "தேடலாம் சார்" என்றார்.

அப்போதிலிருந்து தேடுகிறோம். இரும்புக் கடைக்காரர் இப்போது இல்லை. அந்த எஞ்சினை உடைக்கவில்லை, யாரோ ஜெனரேட்டருக்கு என்று முழுதாக வாங்கிப் போனார்கள் என்று அவருடைய மகன் சொல்கிறார். அந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதி வந்திருக்கிறேன், வாசலில் இருக்கும் மேசையில் வைக்கிறேன். உங்கள் தோட்டத்திலோ, பழைய மில் ஷெட்டிலோ, ஆறு சிலிண்டரும் இரண்டு கார்புரேட்டரும் உள்ள துருப்பிடித்த பென்ஸ் எஞ்சின் ஏதாவது கிடந்தால், தூசியைத் துடைத்து எண்ணைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிடுங்கள்.