பிள்ளை இடுப்பில், அப்பா வீட்டில்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

சேலம் அஸ்தம்பட்டியில் குடியிருக்கிறேன். ஜவ்வரிசி ஆலை ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவன், இப்போது வீட்டோடு இருந்து எங்கள் இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொள்கிறேன். மகளுக்கு ஐந்து வயது. மகனுக்கு ஒன்றரை. மனைவி ஏற்காட்டில் அரசுப் பள்ளி ஆசிரியை. அரசுப் பணியில் இருக்கும் பெண்களுக்கு மகப்பேறு விடுப்பை 2021இல் தமிழக அரசு ஒன்பது மாதத்திலிருந்து ஓராண்டாக உயர்த்தியது. அந்த ஓராண்டு எங்கள் மகனுக்கு முழுதாகக் கிடைத்தது. விடுப்பு முடிந்ததும் யார் வீட்டில் இருப்பது என்ற கேள்வி எழுந்தது. அவருடையது நிரந்தர வேலை, சம்பளமும் என்னுடையதைவிட அதிகம். என் அம்மாவுக்கு முழங்கால் வலி. ஓடுகிற பிள்ளையின் பின்னால் ஓட முடியாது. நான் இருக்கிறேன் என்று சொன்னேன். ஒரு மாலைப்பொழுதில் பேசி முடித்த விஷயம்தான் இது.

காலையில் அவர் பஸ் ஏறிவிடுவார். இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, மாலையில் அதே இருபதையும் இறங்கி வர வேண்டும். பெருமழைக் காலத்தில் எப்போது வீடு திரும்புவார் என்று சொல்ல முடியாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் அந்த மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றுபோனது உங்களுக்கு நினைவிருக்கும். ஆகவே பகல் முழுவதும், சில நாட்களில் இரவு வெகுநேரம் வரையிலும், பிள்ளைகளுக்கு நான்தான்.

குழந்தையைக் குளிப்பாட்ட எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் அத்தை, அதாவது மனைவியின் அம்மா. மகன் பிறந்த புதிதில், "மாப்பிள்ளை, இப்படி வந்து உட்காருங்கள்" என்று என்னைத் தரையில் உட்காரவைத்து, கால் இரண்டையும் நீட்டச் சொன்னார். குழந்தையை என் கால்களின் மேல் கிடத்தினார். தலை பாதங்களின் அணைப்பில் இருக்க வேண்டும். ஒரு கை எப்போதும் அவன் மேல் இருக்க வேண்டும். வெந்நீரின் சூட்டை விரலால் பார்க்கக் கூடாது, முழங்கையை நனைத்துப் பார்க்க வேண்டும். கழுத்து மடிப்பிலும் தொடை இடுக்கிலும் எண்ணெய்ப் பிசுக்கு தங்காமல் வழித்துவிட வேண்டும். மூக்கில் எண்ணெய் விடும் வழக்கத்தை மட்டும் மருத்துவர் சொன்னதால் விட்டுவிட்டோம். அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிவிடும் என்று அவர் விளக்கியதும் அத்தையும் ஏற்றுக்கொண்டார். அவருடைய கை இருந்த இடத்தில் மெல்ல என் கை வந்தது. குளித்து, துவட்டி, வயிறு நிறைந்து அவன் தூளியில் கண் அயரும்போது எனக்குக் கிடைக்கும் நிறைவை, வருடக் கணக்கை முடித்துக் கையெழுத்திட்ட எந்த நாளிலும் நான் அடைந்ததில்லை.

சேலத்துப் பிள்ளைகளுக்குக் கொலுசு இல்லாமல் இருக்குமா? செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய முத்துக் கொலுசு மகன் காலில் கிடக்கிறது. நான் சமையலறையில் இருக்கும்போது அந்தச் சத்தத்தை வைத்துத்தான் அவன் இருக்கும் இடத்தை அறிகிறேன். கூடத்தில் ஓடினால் ஒரு மாதிரி, கட்டிலில் ஏறினால் வேறு மாதிரி. சத்தம் நின்றால் அடுப்பை அணைத்துவிட்டு எழுந்துவிட வேண்டும். பெரும்பாலும் அரிசி டின்னுக்குள் கை விட்டுக்கொண்டிருப்பான். நான் அஞ்சுவது தண்ணீருக்கு. மேட்டூர்த் தண்ணீர் எங்கள் பக்கம் தினமும் வருவதில்லை. வரும் நாளில் டிரம்மிலும் வாளியிலும் பிடித்து வைக்கிறோம். ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு ஒரு சாண் தண்ணீரே உயிருக்கு ஆபத்து. வாளிக்குள் தலைகுப்புற விழுந்தால் தானாக எழ அவனால் முடியாது. அதனால் டிரம்முக்கு அழுத்தமான மூடி, காலியான வாளி கவிழ்த்து, குளியலறைக் கதவுக்கு வெளிப்பக்கம் உயரத்தில் தாழ்ப்பாள். மூடி போட்டால் டெங்கு கொசுவும் முட்டையிடாது. கொலுசின் முத்தும் கொக்கியும் தளர்ந்திருக்கின்றனவா என்று குளிப்பாட்டும்போது பார்த்துவிட வேண்டும், கழன்றால் வாய்க்குத்தான் போகும்.

இவற்றை எழுதிக் கொடுத்துவிட்டு ஒருவர் வெளியே போய்விட முடியாது. கூடவே இருப்பவருக்குத்தான் இவை தெரியவரும். பிள்ளையின் அழுகையைக் கேட்டே பசியா, தூக்கமா, பல் முளைக்கும் வலியா என்று இன்று என்னால் சொல்ல முடிகிறது. அது தாய்க்கு மட்டும் பிறவியிலேயே வாய்த்தது என்று பலர் நினைக்கிறார்கள். பிலிப்பைன்ஸின் செபு நகரத்தில் 624 ஆண்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2011இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. தந்தையான பிறகு அவர்கள் உடலில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண்தன்மைக்கான சுரப்பின் அளவு நன்றாகக் குறைந்தது. அதிலும், நாளுக்கு மூன்று மணி நேரமும் அதற்கு மேலும் குழந்தையைக் கவனித்தவர்களிடம், கவனிக்காதவர்களைவிட அது குறைவாக இருந்தது. பிள்ளையோடு இருக்கும் நேரத்துக்கு ஏற்ப ஆணின் உடலும் இசைந்து கொடுக்கிறது. கற்றுக்கொள்ளத் தேவை நேரம்தான். அந்த நேரம் ஆண்களுக்குக் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் எடுத்துக்கொள்வதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

மத்திய அரசு 2024இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். 15 முதல் 59 வயது வரையுள்ள பெண்களில் 41 சதவீதம் பேர் வீட்டில் உள்ளவர்களைப் பராமரிக்கும் வேலையைச் செய்கிறார்கள், ஆண்களில் 21.4 சதவீதம் பேர். ஆறு வயதும் அதற்கு மேலும் உள்ள எல்லோரையும் எடுத்துக்கொண்டால், கூலியில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். அதே வேலையைச் செய்யும் ஆண்கள் 88 நிமிடங்கள். நான் ஒருவன் வீட்டில் இருப்பதால் இந்தக் கணக்கு மாறிவிடாது. ஆனால் அந்த 289 நிமிடங்களில் என்னென்ன அடங்கியிருக்கின்றன என்பதை உள்ளிருந்து சொல்ல முடியும். சமைப்பதும் துவைப்பதும் கண்ணுக்குத் தெரிகிற பாதி. மீதிப் பாதி ஞாபகம். வயிற்றுப்போக்கு வந்த பிள்ளைக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலோடு துத்தநாக மாத்திரையும் தருகிறார்கள். அதைப் பதினான்கு நாட்கள் கொடுக்க வேண்டும். மூன்றாம் நாளே வயிறு சரியாகிவிடும், பிள்ளையும் விளையாடத் தொடங்கிவிடுவான். பதினான்காம் நாள் வரை யாராவது ஒருவர் நினைவில் வைத்திருக்க வேண்டும் அல்லவா? வீடுதோறும் அந்த ஒருவர் பெண்ணாகவே இருந்து வந்திருக்கிறார்.

"வேலை கிடைக்கவில்லையா, தம்பி?" என்று தெருவில் பெரியவர்கள் என்னிடம் அக்கறையோடு கேட்கிறார்கள். வீட்டில் இருக்கும் ஆண் இந்த ஊருக்குப் புதியவன் அல்ல. என் தாத்தா அம்மாபேட்டையில் குழித்தறியில் வேட்டி நெய்தவர். நாள் முழுவதும் வீட்டுக்குள்தான் இருந்தார். தறிக்குப் பக்கத்தில் தூளி தொங்கும். பிள்ளை சிணுங்கினால் தறியில் உட்கார்ந்தபடியே கயிற்றை இழுத்து ஆட்டுவாராம். செவ்வாய்ப்பேட்டையில் இன்றும் வீட்டிலேயே பட்டறை வைத்துக் கொலுசு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் தூளிக் கயிறு தாத்தாவின் கைக்கு வந்ததே தவிர, பிள்ளைக்குச் சோறு பிசைந்ததும் கால் கழுவிவிட்டதும் என் பாட்டியான ஆத்தாதான். தாத்தாவின் தறிக்கு வேண்டிய நூலைத் தாரில் சுற்றிக் கொடுத்ததும் அதே ஆத்தாதான். அவருக்கு எத்தனை கைகள் தேவைப்பட்டிருக்கும் என்று இப்போது அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

பஸ்ஸில் பிள்ளையோடு ஏறினால் உட்கார்ந்திருக்கும் பெண்கள், "இங்கே கொடுங்கள் அண்ணா" என்று கை நீட்டி வாங்கி மடியில் வைத்துக்கொள்கிறார்கள். அந்த மனிதர்களை நான் மறக்க மாட்டேன். இடங்கள்தான் இன்னும் எங்களை எதிர்பார்க்கவில்லை. பஸ் நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டுவதற்குத் தனி அறைகள் 2015இல் திறக்கப்பட்டன. மிக நல்ல காரியம். அது அவர்களுக்கே உரியது. ஆனால் பிள்ளையின் துணியை மாற்ற ஓர் அப்பா எங்கே போவார்? ஆண்கள் கழிப்பறையில் ஒரு பலகை கிடையாது. பெஞ்சில் துண்டை விரித்து மாற்றுகிறேன். மருத்துவமனையில் சீட்டு எழுதுகிறவர் முதலில் கேட்பது, "அம்மா வரவில்லையா?" என்பதுதான். பிள்ளைக்கு நேற்று எத்தனை முறை காய்ச்சல் ஏறியது என்பதை நான்தான் சொல்ல முடியும். கேள்வியை மட்டும் தொலைபேசியில் மனைவியிடம் கேட்கச் சொல்கிறார்கள். அவர் அப்போது வகுப்பில் இருப்பார்.

விடுப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் முதல் இரண்டு குழந்தைகளுக்குத் தாயின் விடுப்பை 26 வாரமாக உயர்த்தியது. மத்திய அரசு ஊழியரான தந்தைக்கு 15 நாட்கள் உண்டு. தனியார் நிறுவனத்தில் வேலை செய்யும் தந்தைக்கு விடுப்பு தந்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மகள் பிறந்தபோது நான் ஆலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். அவள் முதன்முதலில் குப்புற விழுந்ததை மனைவி சொல்லிக் கேட்டேன். மகன் எழுந்து நின்றதை நேரில் பார்த்தேன். ஒவ்வொரு தந்தையும் வேலையை விட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பல குடும்பங்களில் அது நடக்கிற காரியமும் அல்ல. சட்டத்தின் வழியாகச் சில வாரங்களாவது அவர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று கேட்கிறேன். தாய் சேய் அட்டையில் தந்தையின் தொலைபேசி எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள் என்று செவிலியர்களைக் கேட்கிறேன். அங்கன்வாடியில் எடை பார்க்கும் நாளைத் தந்தையருக்கும் சொல்லி அனுப்புங்கள்.

கேட்டுக்கொண்டிருக்கும் தந்தையரே, ஆரம்ப சுகாதார நிலையங்களில் புதன்கிழமை தடுப்பூசி நாள். வேலையில் அரை நாள் அனுமதி வாங்கி, ஒரு புதன்கிழமை பிள்ளையை நீங்களே தூக்கிச் செல்லுங்கள். அட்டையைப் பிரித்து எது போட்டாயிற்று, எது பாக்கி என்று படித்துப் பாருங்கள். ஊசி போட்ட இரவு காய்ச்சல் வரலாம். அன்று நீங்களே விழித்திருங்கள். 16 மாதத்திலிருந்து 24 மாதத்துக்குள் தட்டம்மை ரூபெல்லா இரண்டாம் தவணையும், தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி மூன்றுக்குமான முத்தடுப்பு ஊக்க ஊசியும் போட வேண்டும். என் மகனுக்கு அது இந்த மாதம். வரும் புதன்கிழமை நாங்கள் இருவரும் வரிசையில் நிற்போம்.

நன்றி, வணக்கம்.