சாவி அம்மாவின் கையில்தான் இருந்தது

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். முதுமையில் மூளையைக் காப்பதில் பெரும்பங்கு உணவுக்கா, பயிற்சிக்கா என்ற கேள்விக்கு, உணவுக்கே என்று வாதாட வந்திருக்கிறேன்.

உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்விலிருக்கும் உடல் செலவிடும் ஆற்றலில் சுமார் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது என்று சொல்லித் தொடங்கத்தான் எண்ணியிருந்தேன். ஆனால் எதிரணித் தலைவர், "சாப்பிட்டதையே மறந்துவிடுகிறவருக்கு எதைப் போட்டால் என்ன?" என்று கேட்டார், அவையும் கைதட்டியது. அதற்குப் பதில் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது.

ஐயா, அப்படிச் சாப்பிட்டதை மறந்தவர் என் அம்மா. அப்பா காலமான பிறகு, ஒருத்திக்காக எதற்கு அடுப்பு மூட்டுவது என்று, மூன்று வேளையும் தேநீரும் ரொட்டியுமாகவே சில ஆண்டுகளை ஓட்டிவிட்டார். ஒரு நாள் வீட்டுச் சாவியைக் காணோம் என்றார். அலமாரியில் தேடினோம், தலையணைக்கு அடியில் தேடினோம். சாவி அவர் கையில்தான் இருந்தது. விரல்களைப் பிரித்துக் காட்டினேன்; சிரித்தார். கால் மணி நேரம் கழித்து, அதே சாவியை அதே கையில் இறுகப் பிடித்தபடி, "சாவியப் பாத்தியா?" என்றார். மூன்றாம் முறை கேட்டபோது நான் சினந்து பேசிவிட்டேன். அது இன்றும் என்னை உறுத்துகிறது.

உறவினர்கள் வயதாகிவிட்டது என்றார்கள். மருத்துவர் மட்டும், என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டார். இரத்தத்தில் வைட்டமின் பி12 மிகக் குறைந்திருந்தது. முதுமையில் பலருக்கு இரைப்பை அமிலம் குறைவதால் உணவிலுள்ள பி12 உடலில் சேர்வதே கடினம். அந்த உணவும் இல்லையென்றால் நரம்புகள் நலிந்து நினைவு தடுமாறும். ஊசி போட்டார்கள், சாப்பாட்டை மாற்றினோம். எல்லா மறதியும் இப்படி மீளாது என்பதை நான் மறைக்கவில்லை. மீளக்கூடியதையும் "எதைப் போட்டால் என்ன" என்று கைவிடலாமா?

எதிரணியினரே, மூளை நலனுக்கென வகுக்கப்பட்ட மைண்ட் உணவுமுறை பற்றி 2023-இல் வெளிவந்த ஆய்வில், 604 பேரை மூன்றாண்டுகள் கவனித்தும், அதைப் பின்பற்றியவர்களுக்கும் ஒப்பீட்டுக் குழுவுக்கும் சிந்தனைத் திறனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றீர்கள், உண்மை. ஆனால் ஒப்பீட்டுக் குழுவுக்கும் உணவு ஆலோசனை தரப்பட்டது, இரு குழுவினரின் சிந்தனைத் திறன் மதிப்பெண்களும் உயர்ந்தன. பயிற்சிக்குச் சான்றாக நீங்கள் காட்டிய பின்லாந்தின் ஃபிங்கர் ஆய்வு, முதியோரின் மூளைத் திறனைக் காக்கப் பல வழிகளைச் சேர்த்துச் சோதித்தது; அதிலும் உணவு ஆலோசனை ஓர் அங்கம்.

நடுவர் அவர்களே, சில மாதங்கள் கழித்து ஒரு காலை நான் வேலைக்குக் கிளம்பி வாசலைத் தாண்டிவிட்டேன். உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது: "சாவி எடுத்துக்கிட்டியா?" அன்று அதை மறந்திருந்தவன் நான்.